சோலைச் சாமி கோவிலில் இரண்டாவது ரூட்டர்

சாமி சம்மதம் கொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஈரக் கல்லின் வலது தோளில் ஒட்டி வைத்திருந்த அரளிப்பூ சட்டென்று வழுக்கிக் கீழே விழுந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூசாரி மாமா திரும்பிப் பார்த்து, "சரீன்னு சொல்லிருச்சு அம்மிணி" என்றார். எதற்குச் சரி? இன்டர்நெட்டுக்கு! சோலைக்குள் ஒரு காய்ந்த சுள்ளியைப் பொறுக்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளாத சாமி, தன் கோவிலுக்குள் ரூட்டர் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளச் சரி என்றுவிட்டது. கொல்லிமலையில் அதற்கு முன்னால் எந்தப் பூசாரியும் எந்தச் சாமியிடமும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். வேண்டுமானால் சூடம் அணைத்துச் சொல்கிறேன்.

பின்னால் எனக்கு விழுந்த அடிகளோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ரூட்டருக்காக நான் ஏன் அந்த ஆட்டம் ஆடினேன் என்று யாருக்கும் புரியாது.

எனக்கு ஒரே மகள். மலையில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று சின்ன வயதிலேயே கீழ்நாட்டில் ஹாஸ்டலில் சேர்த்தோம். அப்புறம் காலேஜ், அதற்கு ராசிபுரத்தில் ஒரு ஹாஸ்டல். பெற்ற பிள்ளையோடு நான் சேர்ந்தாற்போல் இருந்ததெல்லாம் பொங்கல் லீவும் கோடை லீவும்தான். படித்து முடித்து டிரங்குப் பெட்டியோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றைக்கு, இனி இந்தப் பெட்டி பரணில்தான் கிடக்கும் என்று நான் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன். கல்யாணம் ஆகிப் போகிறவரைக்குமாவது என் கையால் சோறு தின்னட்டும். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

அவளுக்கு வேலை கிடைத்தது. எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மெஷினில் பேசி வைப்பார்களாம், அதை இங்கே ஒரு பெண் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே டைப் அடித்து அனுப்ப வேண்டுமாம். டாக்டரும் அங்கே, நோயாளியும் அங்கே, டைப் அடிக்கிறது மட்டும் கொல்லிமலையிலா! எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சேலத்தில் பயிற்சி கொடுத்த பிறகு கம்பெனிக்காரர்கள் இரண்டு வழி சொன்னார்கள். சென்னைக்கு வந்து ஆபீஸில் உட்காரலாம், தங்குவதற்கு ஹாஸ்டல் அவர்களே பார்த்துத் தருவார்கள். அல்லது வீட்டில் இன்டர்நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் லைன் அடிக்கடி அறுந்தால் பேச்சே கிடையாது, சென்னைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

வீட்டிலிருந்தே என்று கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் மட்டும் ஒரே ஒரு தரம், நான் குழம்பு கிளறிக்கொண்டிருக்கும்போது, "போனா என்னங்கம்மா? அங்க நெறையப் பொண்ணுங்க இருக்கறாங்க" என்றாள். நான் கரண்டியைத் தரையில் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "மறுபடி ஒரு ஹாஸ்டலா? இதென்ன ஊடா, சத்திரமா?" என்று கத்தினேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டுக்கு டெலிபோன் லைன் கிடையாது. ரோட்டோரம் இருக்கிற என் அண்ணன் வீடு வரைக்கும்தான் கம்பம் நட்டிருந்தார்கள். அண்ணன் மிளகு வியாபாரி. வெளியூர் விலை பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டில் பிராட்பேண்டும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. என் பிறந்த வீட்டுக்கும் வாக்கப்பட்ட வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்த நடுவில்தான் சோலை இருக்கிறது. சாமி காடு அது. உள்ளே போனால் செருப்பைக் கழற்ற வேண்டும், ஒரு இலையைக் கிள்ளக் கூடாது, விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். அதைச் சுற்றிக் கம்பம் நட இப்போதைக்கு வாய்ப்பில்லை என்று டெலிபோன் ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

"பேசாம நம்மூட்டுக்கே வந்து வேல செய்யட்டுமே" என்றார் அண்ணன். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டும் முறைப் பையன்கள். வயசுப் பெண் காலையிலிருந்து பொழுது சாய அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவல் கிடைத்த மாதிரி மென்றுவிடுவார்கள். "அதெல்லாம் ஆவாதுங்கண்ணா" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் விற்ற சேலத்துக் கடைக்காரர்தான் வழி சொன்னார். ஒரு லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டை நோக்கி நடந்தார், நானும் மகளும் பின்னாலேயே போனோம். சோலை ஓரம் வரைக்கும் நெட் வந்தது. உள்ளே போகப் போகத் தேய்ந்து, கோவிலைத் தாண்டியதும் அறவே நின்றுவிட்டது. மரம் அவ்வளவு அடர்த்தி, இலையெல்லாம் பனி ஈரம். அந்த ஈரம் அலையைக் குடித்துவிடும் என்றார் அவர். "நடுவுல எங்கியாச்சும் கரண்ட் இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க, ரெண்டாவதா ஒரு ரூட்டர அங்க வெச்சரலாம். அது மொதல் ரூட்டர்ல இருந்து வாங்கி உங்க ஊட்டுக்குத் தள்ளி உட்டுரும்" என்றார். ஒரு பந்தத்திலிருந்து இன்னொரு பந்தத்தைப் பற்ற வைக்கிற மாதிரி என்று எனக்கு விளங்கிவிட்டது. நடுவில் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கோவில். பஞ்சாயத்தில் முன்மண்டபத்துக்கு ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இல்லாட்டி மரத்துல ஆணி அடிச்சு ஒயர இழுத்தர்லாங்களா?" என்று அந்த மனுஷன் சாதாரணமாகக் கேட்டார். அட கடவுளே! அண்ணன், நான், என் மகள் மூன்று பேரும் ஒரே குரலில் "ஐயையோ" என்றோம். அவர் பயந்துபோய்க் கையை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

கோவிலில் எதை மாற்றினாலும் சாமியிடம் பூக்கேட்டுத்தான் மாற்றுவோம். சாமிக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு இரண்டு தோளிலும் பூவை ஒட்டி வைத்து, கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலதுபக்கப் பூ முதலில் விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். டியூப்லைட்டுக்கே அப்படிக் கேட்டுத்தான் போட்டார்கள். பூசாரி, என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, எனக்கு மாமா முறை. அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மனசுக்குள் சாமி மாட்டேன் என்றுதான் சொல்லும் என்று கிலி பிடித்துக் கிடந்தேன். அப்படியிருக்கத்தான் அந்த வலதுபக்கப் பூ விழுந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி மகளைப் பார்த்தேன், அவள் விழுந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரமே கடைக்காரர் வந்தார். செருப்பைச் சோலைக்கு வெளியே விட்டு, வெறுங்காலில் முள் குத்தக் குத்த நடந்து வந்து, முன்மண்டபத்து விட்டத்தின் மேல் ரூட்டரை வைத்தார். பூசாரி மாமா சும்மா இருப்பாரா? கோவிலுக்குள் வந்த பொருள் என்று அதற்கு மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, தலையில் ஒரு அரளிப்பூவையும் சொருகினார். "ஏனுங்க, திருநீறு ஓட்டைக்குள்ள போயிருமுங்க!" என்று கடைக்காரர் பதறினார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, காத்துக் கருப்பு அண்டாம இருக்கும்" என்றார் மாமா. பிறகு கடைக்காரர் என் மகளைக் கூப்பிட்டு எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று காட்டினார். பின்பக்கம் ஒரு பொடி ஓட்டையைக் காட்டி, "இதுல மட்டும் குச்சி கிச்சி உட்டுராதீங்க, நாம போட்டு வெச்சதெல்லாம் அழிஞ்சு போயிரும்" என்றார். நான் அப்போது குரங்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். விட்டத்தைச் சுற்றி முள் கட்டலாமா என்று பூசாரி மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நெட் வருகிறது! மரவள்ளிக் காட்டுக்கு நடுவில், ஓட்டு வீட்டில், என் மகள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அமெரிக்க டாக்டர் பேசுவதைக் கேட்கிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மண்ணைத் துடைக்காத கையோடு வாசலில் நின்று அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத மனுஷர். "ம்" என்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் நெட் நின்றுவிட்டது. கரண்ட் இருக்கிறது, அண்ணன் வீட்டில் வருகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கோவிலில் ரூட்டர் வைத்தபடியே இருக்கிறது, பட்டையும் பொட்டுமாய், விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. அண்ணன் வீட்டிலிருந்து சேலத்துக்குப் போன் போட்டுக் கடைக்காரரை வரவழைத்தோம். அவர் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "செட்டிங் எல்லாம் தொடச்சு உட்டாப்ல போயிருச்சுங்க. கரண்ட் ஏறி எறங்குனாச் சில நேரம் இப்பிடி ஆகும்" என்றார். சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடியும் போனது. மறுபடியும் வந்தார். அவர் பஸ் ஏறின மறுநாளே போனது, அதற்கும் வந்து சரிசெய்தார். இதென்ன கொடுமை என்று எனக்குத் தலை சுற்றிவிட்டது.

இந்த நாட்களில் என் மகளைப் பார்த்து நான் பூரித்துப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் குளித்துவிட்டு, "வெளக்குக்கு எண்ண ஊத்திப்போட்டு வாரனுங்கம்மா" என்று சின்னத் தூக்குப் போசியோடு கோவிலுக்குக் கிளம்புவாள். சில நாள் போகும்போது, "துப்பட்டா நழுவுது, ஊக்கு ஒண்ணு குடுங்கம்மா" என்பாள். நான் தாலிக்கொடியில் கோர்த்து வைத்திருப்பதில் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பேன். கொடுத்தது திரும்பி வராது. "எங்கடி தொலைக்கற அத்தனையும்?" என்று ஏசிக்கொண்டே அடுத்த தரமும் கொடுப்பேன். நெட் நிற்கக் கூடாது என்று பிள்ளை சாமியிடம் வேண்டிக்கொள்ளப் போகிறது, அதற்கும் இங்கேயே இருக்கத்தான் ஆசை என்று அண்ணன் வீட்டில் போய்ப் பெருமை அடித்துவிட்டு வந்தேன்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி போயிற்று. சாமிக்குப் பிடிக்கவில்லை, வாய்க்குச் சரி என்று சொல்லிவிட்டு மனசுக்குள் பொருமுகிறது என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! நேராகக் கோவிலுக்குப் போய்ச் சாமிக்கு எதிரில் நின்றேன். "நாங் கேட்டேன். பூவப் போட்டது நீதான? சரீன்னு சொன்னது நீதான? சொல்லிப்போட்டுப் பின்னால மாத்திப் பேசறதுக்கு நீ என்ன ஓட்டுக் கேக்க வந்தவனா? எம்புள்ள இங்க இருக்கறதுல உனக்கு என்ன நோவுது?" என்று கேட்டேன். பூசாரி மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அம்மிணி, வாய அடக்கு, சாமிய அப்பிடிப் பேசாத" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோபம் ஆறியபிறகு எனக்கே பகீரென்றது. பொங்கல் வைத்துச் சாமியைச் சமாதானம் செய்தேன். அப்போதும் என் மகள்தான் அடுப்பு ஊதினாள்.

கம்பெனியிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போன் வந்தது. இன்னொரு தரம் லைன் அறுந்தால் அவள் சென்னைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "புள்ளகிட்டக் கேட்டியா?" என்றார். "அவகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? நெட்ட நிறுத்தறது அவளா?" என்று சீறினேன். மகள் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

பூசாரி மாமா வந்து, "ஒரே வழிதான். மறுபடி பூக்கேட்டுப் பாப்போம். சாமி இருக்கட்டுமுன்னாச் சாமி பாத்துக்கும். வேண்டாமுன்னா எடுத்தரலாம்" என்றார். ஒரு திங்கட்கிழமைக் காலை என்று முடிவானது.

அன்றைக்கு விடிந்ததும் அண்ணன் வீட்டு அரளிச் செடியில் பூப் பறிக்கப் போனேன். போகிறபோது மகள் வழக்கம்போல ஊக்குக் கேட்டாள். கொடுத்தேன். பூவைப் பறித்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கத்திலிருந்தே சோலைக்குள் இறங்கினேன். அந்த வழியாக வந்தால் கோவிலின் முதுகுப்பக்கம் வரும், யார் வருவதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் ஏதோ நகர்த்துகிற சத்தம். குரங்குதான், கையும் களவுமாய்ப் பிடித்துவிட்டேன் என்று ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

என் மகள் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். ரூட்டரை விட்டத்திலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்திருந்தாள். நான் கொடுத்த ஊக்கை நிமிர்த்தி அந்தப் பொடி ஓட்டைக்குள் விட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து மறுபடி ஒன்றாக எரிந்தன. அப்புறம் அவள் ரூட்டரை வைத்த இடத்திலேயே வைத்தாள், பட்டை கலையாமல், பூவைக்கூட இருந்தபடியே சொருகினாள். கீழே இறங்கி, சாமியைப் பார்த்து மாறி மாறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் தாலிக்கொடி ஊக்கு! சாமியைத் திட்டினேனே, கடைக்காரரைத் திட்டினேனே, கரண்ட் ஆபீஸ், குரங்கு என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் திட்டினேனே! அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த கல்லையும் பார்த்தாள்.

"எதுக்குடி?" அவ்வளவுதான் எனக்கு வந்தது.

"நான் போறனுங்கம்மா."

"அதச் சொல்றதுக்கு உனக்கு வாயில்லையா?"

"சொன்னனுங்க. நீங்க கரண்டியப் போட்டீங்க."

"இன்னொருக்காச் சொல்றது!"

"சொல்லலாமுன்னுதான் இருந்தனுங்க. அதுக்குள்ள நீங்க சாமிகிட்டக் கேட்டுப்போட்டீங்க. சாமியும் சரீன்னு சொல்லிருச்சு." ஊக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "உங்ககிட்டன்னா அழுது கிழுதாவது வேண்டாங்கலாம். சாமி சொன்னதுக்கப்பறம் நான் எப்பிடிங்கம்மா வேண்டாங்கறது? அதான் சாமியே வேண்டாங்கட்டுமுன்னு... ஒவ்வொருக்காவும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தானுங்க குத்துனேன்."

"இங்க உனக்கு என்ன கொற? சோத்துக்குக் கொறையா? துணிக்குக் கொறையா? இது உன்னோட ஊடுதானடி!"

"கொறையெல்லாம் இல்லீங்கம்மா." துப்பட்டாவின் நுனியைத் திருகினாள். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஹாஸ்டல்தானுங்க. இங்க வந்தா லீவுக்கு வந்த மாதிரியேதான் இருக்குது. இப்ப லீவு முடிஞ்சும் போகாம உக்காந்துட்டு இருக்கற மாதிரி இருக்குதுங்கம்மா."

ஊக்கைப் பார்த்தபோது விழுந்தது ஒரு அடி. இது அதைவிடப் பெரியது. என் பிள்ளைக்கு என் வீடு லீவு விட்டால் வருகிற இடம். அவளை அழைத்துக்கொண்டு போய் ஹாஸ்டல் வாசலில் விட்டதும் நான்தான். அவள் நன்றாக வர வேண்டும் என்றுதான் விட்டேன், நன்றாகத்தான் வந்திருக்கிறாள். யாரை நொந்துகொள்வது? அழுகை வந்தது. அதற்குள் மேட்டில் பேச்சுக் குரல் கேட்டது. பூசாரி மாமா, அண்ணன், என் வீட்டுக்காரர், பின்னால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர், எல்லாரும் வந்துவிட்டார்கள்.

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூவைக் கொடுத்தேன். என் மகள் தூணோடு ஒட்டி நின்றாள். நான் எந்த நேரமும் வாயைத் திறந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம், முகம் வெளுத்துக் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இடதுபக்கப் பூ விழட்டும், அதோடு போகட்டும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

மாமா கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு தோளிலும் பூ வைத்தார். "சாமி, இந்தப் பொட்டி உன்னோட எடத்துல இருக்கட்டுமா, வேண்டாமா? தெளிவாச் சொல்லு, எங்களச் சோதிக்காத" என்றார். எல்லாரும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வலதுபக்கப் பூ விழுந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், வலதுதான். ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அண்ணன் சிரித்தபடி, "அப்பறமென்ன அம்மிணி, சாமியே உம்பக்கம்" என்றார். நான் பிடிவாதம் பிடித்ததும் இதற்குத்தான், பொங்கல் வைத்ததும் இதற்குத்தான். இனி இந்த ஊரில் யாரும் அதை மாற்ற முடியாது. கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சி, கடைக்காரரை இன்னொரு தரம் வரவழைத்தால் போதும், ஊக்கை நான் கொடுக்காமல் இருந்தால் போதும், என் பிள்ளை என் வீட்டிலேயே இருப்பாள். தூணைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, சின்ன வயசில் லீவு முடிந்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் திரும்பும்போது நிற்பாளே, அதே மாதிரி நின்றாள்.

"வேண்டாமுங்க மாமா. அதக் கழட்டிருங்க" என்றேன்.

மாமாவுக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது. "என்ன அம்மிணி சொல்ற? சாமி சரீங்குது!"

"ஆமாங்க. சாமி சரீங்குது. நான் வேண்டாங்கறேன்."

"சாமியவே எதுத்துப் பேசறயா?"

"போன வாரமே பேசுனவதானுங்களே மாமா. இது ஒண்ணும் புதுசில்ல." விழுந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "எம்புள்ள வேலைக்குச் சென்னைக்குப் போறா. பாவம் கீவம் வந்தா எனக்கு வரட்டும். அவ ஒண்ணும் கேக்கல, நான்தான் அனுப்பறேன்."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எண்ணெய் டின்னை இழுத்துப்போட்டு ஏறி, பிளக்கைப் பிடுங்கி, ரூட்டரை இறக்கித் தோள் துண்டில் சுற்றிக்கொண்டார். என் மகள் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அள்ளிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சாமிக்கு முன்னால் விழுந்து எழுந்தேன். ஊக்கைப் பற்றி அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. என்னைத்தான் திமிர் பிடித்தவள் என்று ஊர் வெகுநாள் பேசியது. பேசட்டும்.

செம்மேட்டில் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். டிரங்குப் பெட்டியை அவள் அப்பா மேலே ஏற்றிக் கட்டினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், தாலிக்கொடியில் மிச்சம் இருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"எதுக்குங்கம்மா?"

"துப்பட்டாவுக்குத்தான். வேற எதையும் குத்தாத" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அழுதாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. சரியாகச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பார்த்து இரு என்று எத்தனையோ. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"லீவு உட்டா நம்மூட்டுக்கு வா, கண்ணு" என்றேன்.

"பொங்க லீவுக்கு வாரனுங்கம்மா" என்றாள்.